மாற்றுக் கதவும் மறையாத வரலாறும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் மன்னரையும் ஆளுநரையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் நாடுவர். அஃது இயல்பே. ஆயினும், எளிய மக்கள் நாள்தோறும் தொட்டுப் புழங்கிய பொருள்களுக்கும் வரலாறு உண்டு. பால்வெட்டும் கத்தியும் பால்வாளியும், லயத்து வீட்டு மண் அடுப்பும் அம்மிக்கல்லும் தமக்கென ஒரு கதை உடையவை. செவி கொடுப்பார்க்கு அவை அக்கதையைச் சொல்லும். மலாயாவின் தோட்டப்புறச் செம்மண் சாலைகளில் ஓடித் திரிந்த லேண்ட் ரோவர் வண்டியும் அத்தகைய பொருள்களுள் ஒன்று.

அவ்வண்டியின் முழு வரலாறும் பெரிது. அதன் உறுப்புகளுள் ஒன்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். அது கதவு. பழுதுற்ற கதவைக் கழற்றிவிட்டு மாற்றுக் கதவு பொருத்துவது பட்டறையில் நடைபெறும் சிறு வேலை எனத் தோன்றும். ஆனால், அச்சிறு வேலைக்குள் ஒரு பேரரசின் பணமுடையும், ஒரு நாட்டின் பன்னிரண்டாண்டு அச்சமும், இரண்டு உலோகங்களின் பகையும் அடங்கியுள்ளன. பழையதைப் போற்றுவது எங்ஙனம் என்னும் கேள்வியும் அதனுள் இருக்கின்றது.

பணமுடை ஈன்ற பிள்ளை

இரண்டாம் உலகப் போர் 1945ஆம் ஆண்டில் முடிவுற்றபோது பிரிட்டன் வென்ற நாடாகவும் கடன்பட்ட நாடாகவும் ஒருங்கே நின்றது. அமெரிக்காவிடம் பொருள் வாங்க டாலர் தேவைப்பட்டது. டாலர் ஈட்ட ஏற்றுமதி தேவைப்பட்டது. எஃகு பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. வெளிநாட்டிற்கு விற்கக்கூடிய பொருளைச் செய்யும் ஆலைக்கே எஃகு வழங்குவதில் முதன்மை தரப்பட்டது.

போருக்கு முன்னர் ரோவர் நிறுவனம் வசதி படைத்தோர்க்குரிய கார்களைச் செய்து வந்தது. கோவென்ட்ரி நகரில் இருந்த அதன் ஆலை குண்டுவீச்சிற்கு இரையாயிற்று. எனவே, போர்க்காலத்தில் விமான எஞ்சின் உறுப்புகளைச் செய்துவந்த சோலிஹல் ஆலைக்கு நிறுவனம் குடிபெயர்ந்தது. ஆலை பெரிது, செய்வதற்குரிய வேலையோ சிறிது. இந்நிலையில், அந்நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக விளங்கிய மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சித் தீவில் தமக்கிருந்த பண்ணையில் அமெரிக்கப் படை விட்டுச் சென்ற பழைய ஜீப் வண்டி ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அது தேய்ந்துபோனால் அதனிடத்தில் வேறு எதனை வாங்குவது? அக்கேள்வியிலிருந்து பிறந்ததே புதிய வண்டி. அவருடைய தமையனார் ஸ்பென்சர் வில்க்ஸ் நிறுவனத்தின் நிருவாக இயக்குநராக இருந்தமையால், எண்ணம் விரைவில் செயலாயிற்று. 1947ஆம் ஆண்டு ஜீப்பின் அடிச்சட்டத்தின்மீது சோதனை வண்டி செய்யப்பட்டது. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் உலகிற்கு அறிமுகமாயிற்று. இரண்டு மூன்று ஆண்டுகள் ஆலைக்கு வேலை தந்தால் போதும் என்பதே அதனைச் செய்தோரின் எதிர்பார்ப்பு.

எஃகுதான் அரிதாயிற்றே தவிர, விமானத் தொழிலுக்கென உண்டாக்கப்பட்ட அலுமினியம் மிகுதியாகக் கிடைத்தது. ஆகவே, வண்டியின் மேனி பிர்மாபிரைட் எனப்படும் அலுமினியக் கலப்புத் தகட்டால் செய்யப்பட்டது. மக்னீசியம் கலந்த அத்தகடு இலேசானது, எளிதில் வளையக்கூடியது. வளைவு நெளிவுள்ள மேனியை வார்த்தெடுக்க விலைமிகுந்த அச்சுகள் வேண்டும். அவற்றிற்குப் பணம் இல்லை. எனவே தட்டையான தகடுகளே பயன்பட்டன. ஓர் உறுப்பை மற்றோர் உறுப்புடன் போல்ட்டுகளால் முடுக்கி இணைத்தனர். வறுமை கற்பித்த இந்தப் பாடமே பின்னாளில் அவ்வண்டியின் நீண்ட ஆயுளுக்கு வழிகோலியது. முடுக்கி இணைத்ததைக் கழற்றலாம்; கழற்றியதை மாற்றலாம் அன்றோ?

இங்கே மலாயாவிற்கு உள்ள உறவையும் கருத வேண்டும். போருக்குப் பின் பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுள் பெருமளவில் டாலர் ஈட்டிக் கொடுத்தது மலாயாவின் ரப்பரும் ஈயமுமே. சோலிஹலில் தகட்டை மடித்த தொழிலாளியும், விடியற்காலையில் பால்மரத்தைச் சீவிய தமிழ்த் தொழிலாளியும் ஒருவரையொருவர் அறியார். எனினும், ஒரே கடனை அடைக்கவே இருவர் உழைப்பும் பயன்பட்டது.

கதவின்றி வந்த வண்டி

முதன்முதலில் விற்பனைக்கு வந்த லேண்ட் ரோவரின் விலை 450 பவுன். அவ்விலைக்குள் கதவு அடங்காது. கதவும், பக்கத் திரையும், மேற்கூரைத் துணியும் தனி விலை கொடுத்து வாங்க வேண்டியவையாக இருந்தன. உழவு நிலத்தில் ஓடும் வண்டிக்குக் கதவு எதற்கு என்பது அக்காலக் கருத்து. அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் அவையெல்லாம் வண்டியோடு சேர்த்தே வழங்கப்படலாயின.

அக்கதவின் அமைப்பு எளிமையானது. அது கீழ்க்கதவு, மேற்கதவு என இரு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். கீழ்க்கதவு எஃகுச் சட்டத்தின்மீது அலுமினியத் தகட்டைப் போர்த்து, விளிம்புகளை மடித்துச் செய்யப்பட்டது. மேற்பகுதி தொடக்கத்தில் துணித் திரையாக இருந்தது. பின்னர் நகர்த்தித் திறக்கும் சன்னல் கொண்ட சட்டமாயிற்று. அச்சட்டத்தின் அடியில் உள்ள கால்களைக் கீழ்க்கதவினுள் இறக்கி முடுக்கினால் இரண்டும் ஒன்றாகும். வெயில் நாளில் மேற்பகுதியைக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். தொடக்க கால வண்டிகளின் கதவுகளில் வெளிப்புறக் கைப்பிடியே கிடையாது. திரையின் மடிப்பை விலக்கிக் கையை உள்ளே விட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். திருடரைப் பற்றிய கவலை அவ்வண்டியைப் படைத்தோர்க்கு மிகுதியாக இருந்ததாகத் தெரியவில்லை!

1958ஆம் ஆண்டு இரண்டாம் வரிசை வண்டிகள் வந்தபோது மேனியின் பக்கங்கள் இடுப்பளவில் சற்றே புடைத்து வளைந்தன. அதனால் முதல் வரிசையின் தட்டையான கதவு இரண்டாம் வரிசை வண்டிக்குப் பொருந்தாதாயிற்று. ஆனால், இரண்டாம் வரிசைக்கும் 1971ஆம் ஆண்டு வந்த மூன்றாம் வரிசைக்கும் இடையே கதவின் வடிவம் பெரிதும் மாறவில்லை. ஒரு வண்டி சிதைந்தால் அதன் கதவு மற்றொரு வண்டியில் ஏறி வாழ்வு பெறும். பச்சை வண்டியில் சாம்பல்நிறக் கதவு தொங்கும் காட்சிக்கு இதுவே காரணம். 1985ஆம் ஆண்டு மூன்றாம் வரிசை நின்றது. அதன் வழித்தோன்றல்களும் 2016ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாளோடு சோலிஹலில் நின்றன. இடைக்காலத்தின் பொருட்டுச் செய்யப்பட்ட வண்டி 68 ஆண்டுகள் செய்யப்பட்டு, 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட எண்ணிக்கையை எட்டியது.

அச்சம் ஆண்ட ஆண்டுகள்

லேண்ட் ரோவர் பிறந்த அதே 1948ஆம் ஆண்டு மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து நாடெங்கும் அவசரகாலச் சட்டம் நடப்பிற்கு வந்தது. கம்யூனிஸ்டு கொரில்லாக்களுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே நிகழ்ந்த அப்போராட்டம் 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள்தான் முறைப்படி முடிவுற்றது. 1950ஆம் ஆண்டு முதல் நிறைவேற்றப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்துச் சீன மக்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் தமிழ்க் குடும்பங்களின் அன்றாட வாழ்வாயின.

இக்காலத்தில் வண்டியின் கதவு வெறும் கதவாக இருக்கவில்லை. மென்மையான அலுமினியத் தகடு துப்பாக்கிக் குண்டைத் தடுக்காது. எனவே, நிருவாகிகளின் வண்டிகள் பலவற்றில் எஃகுத் தகடுகள் பொருத்தப்பட்டன. பார்ப்பதற்குச் சிறு பிளவு மட்டும் விடப்பட்டது. உயிரைக் காத்த அத்தகடுகள் வண்டியை வருத்தின. இலேசான கதவைத் தாங்குவதற்கென அமைந்த கீல்கள் அப்பளுவைத் தாங்காமல் தளர்ந்தன, தூண்கள் இழுபட்டன, கதவு தொங்கிற்று.

படையினர் நாடிய வழியோ இதற்கு நேர் மாறானது. பதுங்கித் தாக்குவோர் சுடத் தொடங்கியவுடன் வண்டியிலிருந்து குதித்துப் பள்ளத்தில் மறைவதே அவர்களுக்குப் பாதுகாப்பு. ஆகவே, கூரைத் துணியையும் கதவையும் கழற்றிவிட்டுச் செல்வது அவர்களிடையே உண்டு. ஒருவர்க்குக் கதவைத் தடிப்பாக்குவது காப்பு. மற்றொருவர்க்குக் கதவே இல்லாதிருப்பது காப்பு. ஒரே வண்டி இரண்டிற்கும் இடம் கொடுத்தது.

1951ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் பிரேசர் மலைச் சாலையில் நிகழ்ந்ததை வரலாற்று நூல்கள் பேசுகின்றன. ஆங்கில உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி தம் துணைவியாருடன் ரோல்ஸ் ராய்ஸ் காரில் சென்றார். முன்னே கவசமற்ற லேண்ட் ரோவர் ஒன்றில் காவலர்கள் சென்றனர். சாலை வளைவில் பதுங்கியிருந்தோர் சுடத் தொடங்கினர். கர்னி காரின் கதவைத் திறந்து வெளியே இறங்கிச் சாலையோரத்தை நோக்கி நடந்தார், சுடப்பட்டு வீழ்ந்தார். காரினுள் இருந்த துணைவியார் உயிர் பிழைத்தார். குண்டுகளைத் தம்பால் ஈர்க்கவே அவர் இறங்கினார் என்பர் பலர். கதவைத் திறந்த அந்தக் கணத்தைப் பற்றி நூல்கள் எழுதியுள்ளன. ஆனால், முன்வண்டியில் காயமுற்ற காவலர்களின் பெயர்களை எத்துணைப் பேர் அறிவர்? அவசரகாலத்தில் துரைமாரின் வண்டியை ஓட்டிய ஓட்டுநர்களும், பட்டறைகளில் கதவுக்குத் தகடு அறைந்த கைவினைஞர்களும் அவ்வாறே பெயரின்றி மறைந்தனர். அவர்களுள் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் இருந்தனர். அவர்கள் இட்ட துளைகளும் முடுக்கிய போல்ட்டுகளுமே அவர்களின் கையெழுத்து.

இரண்டு உலோகங்களின் பகை

கதவு ஏன் கெடுகின்றது? மாணவர் அறிவியல் வகுப்பில் கற்கும் பாடம் ஒன்று இதற்கு விடை தருகின்றது. அலுமினியம் எஃகைப் போல் செந்துருப் பிடித்து உதிர்வதில்லை. அதனால், அலுமினிய மேனி கொண்ட வண்டி அழியாது எனப் பலர் எண்ணினர். ஆனால், தகட்டின் உள்ளே இருப்பது எஃகுச் சட்டம். வேறுபட்ட இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, அவற்றிடையே ஈரமும் உப்பும் சேர்ந்தால், அவ்விடம் ஒரு சிறு மின்கலமாகிவிடும். அதில் அலுமினியம் தன்னை இழந்து வெண்பொடியாக உதிரும். பூச்சு நீங்கிய இடங்களில் எஃகும் துருவேறிப் பருக்கும். பருத்த துரு தகட்டை வெளியே தள்ளும். வெளிப்பார்வைக்குப் பொலிவுடன் விளங்கும் கதவின் அடிவிளிம்பைச் சுரண்டினால் சட்டமே இல்லாதிருப்பதைக் காணலாம்.

மலாயாவின் தட்பவெப்பம் இதனை விரைவுபடுத்தியது. அடைமழையும் புழுக்கமும் செம்மண் சேறும் ஆண்டு முழுவதும் உண்டு. கதவின் அடியில் நீர் வடிவதற்கு உள்ள துளைகளைச் சேறு அடைத்துக்கொள்ளும். நகரும் சன்னலின் அடிக்காடியில் பதித்த கம்பளித்துணி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நெடுநாள் நிறுத்தி வைத்த வண்டியில் அக்காடியில் பாசி படர்வதும் உண்டு. மேற்கதவின் எஃகு முதலில் அழுகுவது அவ்விடத்திலேதான்.

மாற்றுக் கதவு பொருத்தும் முறை

பழைய வண்டிக்கு மாற்றுக் கதவு பொருத்துவோர் முதலில் கதவைப் பார்ப்பதில்லை. கதவு நிற்கும் இடத்தைப் பார்க்கின்றனர். எஞ்சினுக்கும் ஓட்டுநர்க்கும் இடையே நிற்கும் எஃகுத் தடுப்பின் இருபுறத் தூண்களில்தான் கீல்கள் பொருந்தியுள்ளன. அத்தூணின் அடி துருப்பிடித்திருந்தால் எத்துணைச் சிறந்த கதவும் தொங்கவே செய்யும். ஆகவே, வாயிலின் மேலகலம், கீழகலம், இரு மூலைவிட்டங்கள் ஆகியவற்றை அளந்து பார்ப்பது முதற்படி. வலப்புற அளவும் இடப்புற அளவும் ஒத்திருத்தல் வேண்டும்.

பின்புறப் பெட்டியும் அடிச்சட்டத்துடன் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டதே. பல்லாண்டு பளு சுமந்து அது பின்வாங்கியிருக்கும். அல்லது யாரோ பழுதுபார்க்கையில் சற்றே கோணலாக வைத்திருப்பர். அப்போது கதவின் முன்பக்கம் பொருந்தும், பின்விளிம்பு பொருந்தாது. அறியாதவர் கதவைக் குறை கூறி அதன் விளிம்பை அராவுவர். அறிந்தவர் பெட்டியின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதனை உரிய இடத்திற்கு நகர்த்துவர். குறை எங்கே தோன்றுகின்றதோ அங்கேயே அதன் காரணமும் இருக்கும் என்று கொள்ளலாகாது.

அடுத்துக் கீழ்க்கதவைத் தூக்கி நிறுத்துதல் வேண்டும். அடியில் மரக்கட்டையை அண்டை கொடுத்து, கீல் போல்ட்டுகளைக் கைவிரலால் திருகும் அளவிற்கே முடுக்குவர். சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக வரும்வரை கதவை மேலும் கீழும் முன்னும் பின்னும் நகர்த்துவர். கதவு உள்ளடங்கியிருந்தால் கீலுக்கும் தூணுக்கும் நடுவே மெல்லிய தகட்டுத் துண்டு வைத்து வெளியே கொணர்வர். சற்றுத் தொலைவில் நின்று முன்மேனி, கதவு, பின்மேனி ஆகிய மூன்றின் கோடும் ஒரே நேராக ஓடுகின்றதா என நோக்குவர். அதன் பிறகே முழுமையாக முடுக்குவர். தாழ் மாட்டும் பிடிப்பைச் சரிசெய்வது அதற்கும் அடுத்த வேலை. மெல்லச் சாத்தினாலே தாழ் விழ வேண்டும். ஓங்கி அறைந்தால்தான் சாத்துகின்றது என்றால் பொருத்தியது பிழை என்று பொருள்.

மேற்கதவு காற்றுக்கண்ணாடிச் சட்டத்தையும் கூரையையும் சார்ந்து நிற்பது. ஆகவே, கூரையைப் பூட்டிய பின்னரே அதனைச் சரிபார்க்க இயலும். வாயிலைச் சுற்றி ஒட்டும் ரப்பர் விளிம்பிலும் கவனம் வேண்டும். புதிய ரப்பர் தடிப்பாக இருந்தால் கதவை வெளியே தள்ளும். எல்லாம் பொருந்திய பின் மீண்டும் அனைத்தையும் கழற்றுவர். துளைகளின் விளிம்பிற்கும் உட்புறத்திற்கும் சாயம் பூசி, இரு உலோகங்கள் ஒன்றையொன்று தொடாதவாறு இடையில் பூச்சோ ரப்பர்த் துண்டோ வைத்து, இறுதியாகப் பொருத்துவர். ஒருமுறை பொருத்திக் கழற்றி மறுமுறை பொருத்துவது வீண்வேலை அன்று. அதுவே காப்பு.

தேர்ந்த கைவினைஞர் பழைய கதவை உடனே எறிந்துவிடுவதில்லை. புதிய கதவு எல்லா வகையிலும் ஒரே அளவினதாக வந்தாலும், நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஓடிய வண்டி எதுவும் தொழிற்சாலை வரைபடத்தைப் போல் இராது. வண்டிக்கு வண்டி வாயில் வேறுபடும். எந்தத் துளை எங்கே இருந்தது, எந்த விளிம்பு எவ்வளவு வளைந்தது என்பதைப் பழைய கதவே காட்டித் தரும். பழைய கதவு புதிய கதவுக்கு ஆசான் எனலாம். ஆசான் பாடத்தை முடிக்கும் முன்னரே அவரை வெளியேற்றுதல் அறிவுடைமை ஆகுமா?

இலண்டன் முதல் சிங்கப்பூர் வரை

பழைய வண்டியைப் போற்றுவதற்குச் சிங்கப்பூரோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. 1955ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சார்ந்த இளைஞர் அறுவர் இரண்டு லேண்ட் ரோவர்களில் இலண்டனிலிருந்து புறப்பட்டனர். தரைவழியே ஐரோப்பாவையும் மேற்காசியாவையும் இந்தியாவையும் பர்மாவையும் கடந்து, 1956ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் சிங்கப்பூரை அடைந்தனர். அப்பயண வரலாற்றைக் குழுவினருள் ஒருவரான டிம் ஸ்லெசர் நூலாக எழுதினார்.

இரு வண்டிகளுள் ‘கேம்பிரிட்ஜ்’ எனப் பெயரிய வண்டி பின்னாளில் மற்றொரு பயணத்தின்போது பள்ளத்தாக்கில் வீழ்ந்து அழிந்தது. ‘ஆக்ஸ்போர்டு’ எனப் பெயரிய வண்டி அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள செயின்ட் எலினா தீவை அடைந்து, அங்கே பல்லாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. பிற்பாடு அது இங்கிலாந்திற்குக் கொண்டுவரப்பட்டுச் சீரமைக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, டிசம்பர் மாதத்தில் இலண்டனைச் சென்றடைந்தது. முதற் பயணத்தில் சென்ற ஸ்லெசர் உடல்நலக் குறைவால் புறப்பட இயலாமற்போக, அவர்தம் பெயரன் அவரிடத்தில் சென்றார். பாட்டனார் வந்த வண்டியிலே பெயரன் திரும்பினான் என்னும் செய்தி கேட்போர் நெஞ்சை நெகிழ்விக்கின்றது. வண்டியைக் காப்பாற்றியவர்கள் அதற்குள் இருந்த நினைவையும் காப்பாற்றினர்.

எது பழையது? எது புதியது?

இனி ஒரு வினா எழும். கதவை மாற்றினோம், தூணை மாற்றினோம், அடிச்சட்டத்தையும் மாற்றினோம். எஞ்சியிருப்பது அதே வண்டிதானா?

தமிழர்க்கு இவ்வினா புதிதன்று. கோயில் தேரை எண்ணிப் பார்க்கலாம். அச்சு முறிந்தால் அச்சை மாற்றுவர். சக்கரம் தேய்ந்தால் சக்கரத்தை மாற்றுவர். சிற்பப் பலகை உளுத்தால் ஆசாரி புதுப்பலகை செதுக்குவார். ஆயினும், ஊரார் அதனைப் ‘பாட்டன் காலத்துத் தேர்’ என்றே வடம் பிடிப்பர். தேரின் தொடர்ச்சி மரத்தில் மட்டும் இல்லை. இழுக்கும் ஊரிடமும், பழுது பார்க்கும் கையிடமும், ஒரே நேரத்தில் முழுவதையும் மாற்றாத பொறுமையிடமும் அது உள்ளது.

இவ்வொப்புமைக்கும் ஓர் எல்லை உண்டு. ஓடுவதற்காக வைத்திருக்கும் வண்டி வேறு. சான்றாக வைத்திருக்கும் வண்டி வேறு. ஓடும் வண்டிக்கு உறுதியான கதவு வேண்டும். அழுகிய கீலோடு சாலையில் செல்வது பிறர் உயிருக்கும் கேடு. ஆனால், சான்றாக நிற்கும் வண்டியில் நசுங்கலும் சிராய்ப்பும் ஒட்டுத்தகடும் அனைத்தும் செய்திகளே. அவற்றை நீக்கிப் பளபளப்பாக்கினால், ஏட்டுச்சுவடியில் உள்ள எழுத்தை அழித்துவிட்டு ஓலையை மட்டும் மெருகிட்டதாகும். லேண்ட் ரோவரைச் செய்த நிறுவனமே 1948ஆம் ஆண்டுக் கண்காட்சியில் நின்ற வண்டிகளுள் ஒன்றைச் சீரமைக்கப் போவதாக 2018ஆம் ஆண்டில் அறிவித்தது. சோலிஹலுக்கு அண்மையில் ஒரு தோட்டத்தில் நெடுங்காலம் கிடந்த அவ்வண்டியின் பழைய உறுப்புகளையும் முதுமைத் தோற்றத்தையும் இயன்றவரை காப்பதே நோக்கம் எனவும் கூறியது. புதியன செய்வதையே தொழிலாகக் கொண்டோரும் பழைய சாயத்தின் மதிப்பை உணர்ந்தனர்.

ஆகவே, நடுவழி ஒன்று உண்டு. சட்டம் மட்டும் அழுகியிருந்தால் சட்டத்தை மட்டும் புதுப்பித்துப் பழைய தகட்டையே மீண்டும் போர்த்தலாம். தகடும் போய்விட்டால் மாற்றுக் கதவைப் பொருத்திவிட்டு, கழற்றிய கதவில் வண்டியின் எண்ணையும் கழற்றிய ஆண்டையும் எழுதி ஓரிடத்தில் வைக்கலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு துண்டு அட்டையும் ஒரு முழக் கயிறும் போதும்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்மரங்கள் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கின்றது. லயங்கள் இடிக்கப்பட்டன, தோட்டப் பட்டறைகளில் கிடந்த இரும்பு நிறுவைக்குப் போயிற்று. அவ்விரும்பினுள் அவசரகாலத்தில் தகடு அறையப்பட்ட கதவுகளும் இருந்திருக்கும். அவற்றோடு, அத்தகட்டை அறைந்தவர் யார், வண்டியை ஓட்டியவர் யார், வேலிக்குள் இருந்தோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் செய்திகளும் போயின. ஆவணக் காப்பகங்களில் துரைமாரின் கடிதங்கள் உள்ளன. பட்டறைக்காரர் கடிதம் எழுதவில்லை. அவர் விட்டுச் சென்றது வேலைப்பாடு ஒன்றே. அதனையும் இழந்தால் அவர்க்கு வரலாற்றில் இடம் ஏது?

தமிழாசிரியர்கள் இதில் செய்யத்தக்கது உண்டு. மாணவரிடம் வரலாற்றுப் பாடம் நடத்துகையில், உங்கள் பாட்டனார் தோட்டத்தில் என்ன வேலை செய்தார், எந்தக் கருவியைப் பிடித்தார், அக்கருவி உடைந்தபோது யார் செப்பனிட்டார் எனக் கேட்டு எழுதி வரச் சொல்லலாம். விடை தரக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். எஞ்சிய பொருள்களைப் பள்ளியின் ஒரு மூலையில் பெயரெழுதி வைக்கலாம். பள்ளி மாணவர் கையால் எழுதிய ஒரு சிறு குறிப்பு பிற்கால ஆராய்ச்சியாளர்க்குப் பெருந்துணையாகக் கூடும்.

புதிய தலைமுறை பழைய சமுதாயத்தில் வந்து பொருந்துவதும் மாற்றுக் கதவு பொருந்துவதைப் போன்றதே. பொருந்தவில்லை என்றவுடன் கதவை அராவுவோர் பலர். தூணை அளந்து பார்ப்போர் சிலர். தூண் உறுதியாக நிற்க, பழைய கதவு வழிகாட்ட, பொறுமையுடன் பொருத்திய புதிய கதவு ஓசையின்றிச் சாத்தும். அத்தகைய கதவுகளை அமைத்துத் தந்த பெயரறியாக் கைகளுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றிக்கடன், அவர்தம் வேலைப்பாட்டைக் குப்பையெனத் தள்ளாது வரலாறெனப் படிப்பதே ஆகும்.